பாசத்தை ரேட்டிங்கில் காட்டாதீர்கள்: கரையோர டீம்களுக்கு டேட்டாபேஸ் செய்யும் தம்பி தங்கைமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கைமாரே,

கன்னியாகுமரிக் கரையில் இரயுமன்துறையில் தொடங்கி பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று வந்து, எல்லை தாண்டிக் கேரளத்துப் பொழியூர் வரைக்கும் உள்ள கால்பந்து டீம்களை ‘ஃபுட்பால் மேனேஜர் 2024’ என்ற கம்ப்யூட்டர் கேமுக்குள் கொண்டுவர ஒரு ஃபைல் செய்திருக்கிறீர்கள். டீமின் நிறம், கிரவுண்டு, களிக்காரர்களின் (ஆட்டக்காரர்களின்) பெயர் என்று ஒவ்வொன்றையும் தேடிச் சேர்த்த உழைப்பு அதில் தெரிகிறது. ஃபைல் பலர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு விஷயத்தைத் திருத்திவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ரேட்டிங் எல்லாம் எல்லை மீறிப் போயிருக்கிறது.

ஒரு 19 வயது ஸ்ட்ரைக்கருக்கு சிஏ (இன்றைய திறமை) 135, பிஏ (எட்டக்கூடிய உச்சம்) 180 என்று போட்டிருக்கிறீர்கள். அவன் நம் ஊர் டீமில் நின்று களிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. கேம் உள்ளே நடப்பது வேறு. கீழ்மட்ட லீக்கில் 135 உள்ளவன் ஒரே சீசனில் கோலாக அடித்துக் குவிப்பான், மற்ற டீம்களுக்கு ஆட்டமே இல்லாமல் போகும். கோல் கூடக்கூட அவனுடைய ரெப்புட்டேஷன் ஏறும், வெளி ஸ்கவுட்டுகளின் கண்ணில் படுவான். அவனுக்கு நீங்கள் கொடுத்திருப்பது அமெச்சூர் கான்ட்ராக்ட். ஒன்றிரண்டு டிரான்ஸ்ஃபர் விண்டோவுக்குள் பெரிய கிளப் ஒன்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடும், ஊர் கிளப்புக்கு ஒரு பைசா வராது. மூன்றாவது சீசனில் நீங்கள் ஆசையாகக் கட்டிய டீம் அங்கே இருக்காது.

சிஏ என்பது ஓர் ஆட்டக்காரரின் இன்றைய திறமைக்கு 200க்குப் போடும் எண். பிஏ என்பது அவர் எட்டக்கூடிய உச்சம். உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்களே 180களிலும் 190ஐ ஒட்டியும்தான் நிற்கிறார்கள். பள்ளிக்கூட மார்க் மாதிரி 200க்கு 100 எடுத்தால் பாஸ் என்று இதைப் படிக்கக் கூடாது. 100 என்பது முழுநேரத் தொழிலாகப் பந்துகளிக்கும் ஒருவருக்குரிய எண். எனவே முதலில் அளவுகோலைப் பிடியுங்கள். எடிட்டரில் (டேட்டாபேஸைத் திருத்தும் மென்பொருள்) கம்பெனி கொடுத்த மூல டேட்டாபேஸைத் திறந்து, பீப்பிள் பகுதியில் இந்தியக் குடியுரிமை என்று வடிகட்டி, சிஏ வரிசையில் அடுக்குங்கள். ஐஎஸ்எல்லில் (இந்தியாவின் முதல்மட்ட லீக்) முதல் பதினொன்றில் நிற்பவர்கள், பெஞ்சில் இருப்பவர்கள், அதற்கு அடுத்த மட்டமான ஐ-லீக் ஆட்டக்காரர்கள் என்று மூன்று மட்டத்திலும் நீங்கள் நேரிலோ டிவியிலோ பார்த்திருக்கிற நான்கு நான்கு பேரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பன்னிரண்டு எண்தான் உங்கள் அளவுகோல். பிறகு நம் களிக்காரர் ஒவ்வொருவரையும் எடுத்து, ‘இவரை நாளைக்கு அந்த ஐ-லீக் டீமில் இறக்கினால் 90 நிமிஷம் தாக்குப்பிடிப்பாரா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த மட்டத்துக்கு 20, 30 கீழே இறங்குங்கள். ஊர் டோர்னமென்ட்டில் மேன் ஆஃப் தி மேட்ச் வாங்கியவர் என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

பிஏவில்தான் இன்னும் பெரிய தவறு. 16 வயதுப் பையனுக்கு நேராக 160 என்று எழுதினால், யார் எத்தனை முறை புது சேவ் (கேமில் புது ஆட்டம்) தொடங்கினாலும் அதே பையன் அதே உச்சத்தோடுதான் வருவான். நாளைக்கு என்ன ஆவான் என்று யாராலும் சொல்ல முடியாத வயது அது. அதற்காகத்தான் மைனஸ் எண்கள் இருக்கின்றன. பிஏ கட்டத்தில் -4 என்று போட்டால் ஒவ்வொரு புது சேவிலும் கேம் 50க்கும் 80க்கும் நடுவில் ஓர் எண்ணை எடுக்கும். -5 என்றால் 70 முதல் 100. -6 என்றால் 90 முதல் 120. -7 என்றால் 110 முதல் 140. நடுவில் -45, -55 என்று அரைப்படிகளும் உண்டு. நம் கரையில் நன்றாகக் களிக்கிற பையனுக்கு -4 அல்லது -45 போதும். ஜூனியர் மாநில அணி வரைக்கும் போனவருக்கு -55 வரை போகலாம். -7க்கு மேலே போக நினைத்தால், அதே எண் உள்ள வெளிநாட்டுப் பையன்கள் யார் யார் என்று டேட்டாபேஸில் தேடிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இன்னொன்று: சிஏ அந்த எல்லையின் கீழ் எண்ணையும் தாண்டி மேலே ஏறிவிடக் கூடாது. சிஏ 85 கொடுத்துவிட்டு பிஏ -4 என்று போட்ட பதிவுகள் உங்கள் ஃபைலில் இருக்கின்றன. வளர இடமே இல்லாத பையனாக அவன் கேமுக்குள் வருகிறான்.

அடுத்தது ஆட்ரிப்யூட், அதாவது ஒவ்வொரு தனித்திறனுக்கும் போடும் எண். கோல்கீப்பர் அல்லாதவருக்குத் திரையில் தெரிபவை 36: டெக்னிக்கல் 14, மென்டல் 14, பிசிக்கல் 8. எல்லாம் 1 முதல் 20 வரை. நீங்கள் 36ஐயும் நிரப்பியிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். சிஏ ஒரு பர்ஸ் மாதிரி. பெரும்பாலான ஆட்ரிப்யூட்டுகள் அதிலிருந்து செலவாகும், பொசிஷனுக்குப் பொசிஷன் விலை மாறும். ஸ்ட்ரைக்கருக்கு ஃபினிஷிங் விலை கூடியது, அதே ஃபினிஷிங் சென்டர் பேக்குக்கு அற்பம். பேஸும் ஆக்ஸிலரேஷனும் எங்கே நின்றாலும் விலை கூடியவை. நீங்கள் நிரப்பியவற்றின் கூட்டு சிஏவைத் தாண்டினால், புது சேவ் தொடங்கும்போது கேம் தானாகவே எண்களைக் குறைத்துப் பர்ஸுக்குள் அடக்கிவிடும். எதைக் குறைக்கும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. ‘பேஸ் 17 கொடுத்தேன், உள்ளே போய்ப் பார்த்தால் 14 இருக்கிறதே’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தடுக்க வழி உண்டு. அந்த ஆட்ரிப்யூட்டுகளுக்கு எவ்வளவு சிஏ பொருந்தும் என்று எடிட்டரே ஒரு பரிந்துரை எண் காட்டும். நீங்கள் எழுதிய சிஏவுக்கும் அதற்கும் நாலைந்துக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி, கண்ணால் பார்த்து உறுதியாகத் தெரிந்த எட்டுப் பத்து ஆட்ரிப்யூட்டை மட்டும் நிரப்பி, மற்றதை 0 என்றே விடுவது. 0 என்றால் ‘நீயே போட்டுக்கொள்’ என்று பொருள். பொசிஷனையும் சிஏவையும் பார்த்துக் கேம் நிரப்பிவிடும். டிட்டர்மினேஷன், அக்ரெஷன், ஃப்ளேர் மூன்றும் பர்ஸிலிருந்து செலவாகாதவை. விட்டுக்கொடுக்காமல் ஓடுகிற பையனுக்கு டிட்டர்மினேஷன் 17 போடுவதால் அவனுடைய டிரிப்ளிங் குறையாது. அங்கே நியாயமாகத் தாராளம் காட்டலாம்.

இப்போது நம் கரைக்கே உரிய விஷயம். நீங்கள் பார்த்து மார்க் போட்டவற்றில் பாதிக்கு மேல் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) களி. செவன்ஸ் பார்த்த கண்ணோடு லெவன்ஸுக்கு (அணிக்குப் பதினொரு பேர்) ரேட்டிங் போட்டால் எண் கோணலாகத்தான் வரும். சின்ன கிரவுண்டில் தெரிவது ஆக்ஸிலரேஷன், அதாவது நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்புவது. முழு வேகத்தில் எவ்வளவு ஓடுவான் என்கிற பேஸ் தெரிய வேண்டுமானால் லெவன்ஸ் கிரவுண்டு வேண்டும். அதன் நீளம் 90 முதல் 120 மீட்டர். செவன்ஸில் பறக்கிற பையனுக்கு ஆக்ஸிலரேஷன் 15 நியாயம். பேஸையும் 15 ஆக்க அது சாட்சியாகாது. ஆட்ட நேரமும் குறைவு, ஆள் மாற்றுவதும் அதிகம், அதனால் ஸ்டாமினாவும் தெரியாது. ஆஃப்சைடு இல்லாமல் களிக்கும்போது டிஃபென்டரின் பொசிஷனிங்கோ ஃபார்வர்டின் ஆஃப் தி பாலோ (பந்து இல்லாதபோது இடம் பிடிப்பது) சோதனைக்கே வருவதில்லை. இந்த நான்கையும் லெவன்ஸ் பார்க்கும் வரைக்கும் 0 என்றே வையுங்கள். மறுபக்கம், நெருக்கடியில் பந்தை அடக்குகிற ஃபர்ஸ்ட் டச், டெக்னிக், மணலில் களித்துக் களித்து வந்த பேலன்ஸ் ஆகியவற்றை செவன்ஸிலேயே தெளிவாகப் பார்க்கலாம். நம் பையன்களுடைய பலம் அங்கேதான் கிடக்கிறது. அவற்றில் சுற்றியுள்ளவர்களைவிட இரண்டு மூன்று எண் கூடக் கொடுத்தாலும் தவறில்லை.

ஜம்பிங் ரீச்சைப் பலர் தப்பாகப் புரிந்திருக்கிறார்கள். எவ்வளவு எம்புகிறான் என்பதை அது காட்டாது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பந்தைத் தொடுகிறான் என்பதைக் காட்டுகிறது. உயரமும் அதற்குள்ளேயே அடக்கம். 165 செ.மீ. பையன் எவ்வளவு எம்பினாலும் அவனுக்கு 17 போட்டால், 190 செ.மீ. டிஃபென்டரைத் தாண்டி ஹெட் பண்ணுவான். அவனுக்கு 8, 9 என்பதே நிறைய. இடது, வலது கால் விஷயமும் அப்படித்தான். மணலில் வெறுங்காலோடு வளர்ந்தவன் இரண்டு காலாலும் அடிப்பான் என்று இரண்டையும் 20 ஆக்கியிருக்கிறீர்கள். இன்னொரு கால் நன்றாக வருவதற்கும் சிஏ செலவாகும். சிஏவை ஏற்றாமல் அந்தக் காலை 8லிருந்து 18க்குக் கொண்டுபோனால் மற்ற ஆட்ரிப்யூட் எல்லாம் சத்தமில்லாமல் சரியும். பொசிஷனும் அதே கணக்கு. ஆளில்லாத நாளில் ஒருமுறை பேக்கில் நின்றான் என்பதற்காக அங்கேயும் 20 போடாதீர்கள். தெரிந்த இடத்துக்கு 20, சமாளிக்கிற இடத்துக்கு 10, 12. அவ்வளவு போதும்.

உள்ளே மறைந்திருக்கும் குணங்களைப் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. மறைந்திருக்கும் புரொஃபஷனலிசம், ஆம்பிஷன் இரண்டும், திரையில் தெரிகிற டிட்டர்மினேஷனும்தான் ஒரு பையனுடைய வளர்ச்சியை அதிகம் தீர்மானிக்கின்றன. பிஏ 120 இருந்தும் புரொஃபஷனலிசம் 4 என்றால் அவன் 90ஐத் தாண்டவே திணறுவான். உங்கள் ஃபைலில் கடலுக்குப் போகிற களிக்காரர் பலருக்கு 4, 5 என்று போட்டிருக்கிறீர்கள். பயிற்சிக்கு வருவதில்லை என்பதுதானே காரணம்? ஆழ்கடல் போட்டில் ஏறினால் வாரக்கணக்கில் கரை கிடையாது. அது குடும்பத்தின் சோறு. கரைக்கு வந்த மறுநாளே சாயங்காலம் கிரவுண்டில் வந்து நிற்கிற ஆளுக்கு 4 போடுவது அநியாயம். கரையில் இருக்கும் நாட்களில் அவர் எப்படிப் பயிற்சி எடுக்கிறார் என்பதை வைத்து மட்டுமே அந்த எண்ணைப் போடுங்கள், பலருக்கு 14, 15 வரும். பயிற்சி நேரம் குறைவு என்பதைக் காட்டக் கேமில் வேறு இடம் இருக்கிறது. கிளப்பின் நிலையை அமெச்சூர் அல்லது செமி-புரொஃபஷனல் என்று வையுங்கள், ஆட்டக்காரரின் கான்ட்ராக்ட்டையும் பகுதிநேரம் ஆக்குங்கள். பயிற்சி குறைந்து வளர்ச்சி தானாக மெதுவாகும். முழுநேரக் கிளப் ஒன்று அவரை எடுத்த நாளிலிருந்து வளர்ச்சி வேகம் பிடிக்கும். நிஜத்தில் நடப்பதும் அதுதான்.

இன்ஜுரி புரோன்னஸிலும் கவனம் வேண்டும். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2018–19 சீசனுக்கு முன்பே சென்னை சிட்டியில் பெயரெடுத்து, ஐஎஸ்எல்லுக்கும் இந்திய அணிக்கும் போனவர். 2020 நவம்பரில் ஐஎஸ்எல் சீசனின் தொடக்க ஆட்டத்திலேயே காயப்பட்டு வெளியேறினார். அப்படி ஒரு பெரிய காயத்தைப் பார்த்தவுடன் 17, 18 என்று எழுதிவிடுகிற பழக்கம் இருக்கிறது. அந்த எண் சொல்வது, உடம்பு அடிக்கடி பழுதாகும் தன்மையை. ஒருமுறை மோதலில் பட்ட அடிக்காக அதை ஏற்றினால் அந்த ஆட்டக்காரர் கேமில் ஆயுசு முழுக்க சிகிச்சை அறையில்தான் கிடப்பார். தசைப்பிடிப்பு சீசனுக்கு நாலைந்து முறை வருகிறது என்றால் ஏற்றுங்கள், மற்றவர்களுக்கு 0.

டர்ட்டினஸ் (முரட்டு ஆட்டம்), கான்ட்ரவர்ஸி (சர்ச்சை கிளப்புவது), டெம்பரமென்ட் (கோபத்தை அடக்குவது) ஆகியவற்றில் நீங்கள் எண் போட்டிருப்பது எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்க்காரர்களுக்கு. ஒருவரைப் பற்றி ‘கான்ட்ரவர்ஸி 18’ என்று ஃபைலில் இருந்தால் அது கேமோடு நிற்காது, வீட்டுக்குப் போகும். மூன்றையும் எல்லோருக்கும் 0 ஆக்குங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை, பெற்றோர் சம்மதம் கேட்காமல் சொந்தப் பெயரோடும் பிறந்த தேதியோடும் சேர்த்ததை எடுத்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அந்த இடத்தைக் கேம் தானே உருவாக்கும் கற்பனை ஆட்டக்காரர்கள் (நியூஜென்) நிரப்புவார்கள்.

ஊர்ப்பாசத்தை எங்கே காட்டுவது என்றால், கிளப் பக்கத்தில் காட்டுங்கள். அங்கே 1 முதல் 20 வரை நான்கு எண்கள்: டிரெய்னிங் ஃபெசிலிட்டீஸ், யூத் ஃபெசிலிட்டீஸ், ஜூனியர் கோச்சிங், யூத் ரெக்ரூட்மென்ட். மணல் கிரவுண்டுக்கும் இரண்டு கோல்போஸ்ட்டுக்கும் முதல் இரண்டில் 2 என்பதே உண்மை. ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுக்கிற பழைய களிக்காரர்கள் இருந்தால் ஜூனியர் கோச்சிங் 5, 6. நடக்கத் தொடங்கிய பிள்ளை முதல் பந்து உதைக்கிற ஊருக்கு யூத் ரெக்ரூட்மென்ட் 12 வரைக்கும் நியாயமாகக் கொடுக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை வரும் யூத் இன்டேக்கில் (கிளப்புக்குப் புதுப் பிள்ளைகள் வருவது) அதன் பலன் தெரியும். ஹெட் ஆஃப் யூத் டெவலப்மென்ட் பொறுப்பில் நீங்கள் வைக்கும் ஆளுடைய குணம் புதுப் பிள்ளைகளின் குணத்திலும் இறங்கும், அதனால் அவருடைய புரொஃபஷனலிசத்தையும் டிட்டர்மினேஷனையும் யோசித்துப் போடுங்கள். ஒருவர் இந்தியாவின் யூத் ரேட்டிங்கையே 150 ஆக்கியிருக்கிறார். அது 200க்கான எண், நாடு முழுக்கப் பொருந்துவது. நம் கரைக்கென்று ஏற்றியது கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் சேர்த்தே ஏறும், பதினைந்து சீசனில் டேட்டாபேஸின் தராசே சாய்ந்துவிடும். பழைய எண்ணுக்கே திருப்பிவிடுங்கள்.

எண் எல்லாம் சரியாக இருந்தாலும் பையன் தானாக வளர்ந்துவிட மாட்டான். கேமைக் களிப்பவர்களுக்கு இதையும் ஃபைலோடு எழுதி வையுங்கள். 15 முதல் 17 வயது வரை நல்ல கோச்சும் நல்ல ஃபெசிலிட்டியும்தான் முக்கியம். 18க்கு மேல் மேட்ச் கிடைக்க வேண்டும், பெஞ்சில் உட்கார்த்தி வைத்தால் அங்கேயே நின்றுபோவான். லோனுக்கு அனுப்பினால் முதல் பதினொன்றில் இறக்குகிற கிளப்புக்கு அனுப்ப வேண்டும். மென்டரிங் குழுவுக்கு (மூத்தவர் குணம் இளையவருக்கு இறங்கும் குழு) மூன்று பேராவது வேண்டும், அதில் மூத்தவர் நல்ல குணமுள்ளவராக இருக்க வேண்டும். கெட்ட குணமும் அதே வழியாகத்தான் இறங்கும்.

ஃபைல் வேலையில் சில சொற்கள். ப்ரீ-கேம் எடிட்டர் ஸ்டீமில் டூல்ஸ் பகுதியில் இலவசமாகவே கிடைக்கும். சேமித்த ஃபைல் டாக்குமென்ட்ஸில் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் ஃபோல்டருக்குள், அந்த வருஷத்து கேமின் ‘எடிட்டர் டேட்டா’ ஃபோல்டரில் இருக்க வேண்டும். புது சேவ் தொடங்கும்போது அதை டிக் செய்தால்தான் ஏறும், ஓடிக்கொண்டிருக்கும் சேவில் ஏறாது. ‘போட்டும் வரவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலானவை இதனால்தான். இன்னொரு காரணம் டேட்டாபேஸ் அளவு. ஓடாத லீக்கில் உள்ள ஆட்டக்காரரைக் கேம் ஏற்றாமல் விட்டுவிடும். அட்வான்ஸ்டு அமைப்பில் இந்தியாவில் இருக்கும் எல்லா ஆட்டக்காரரையும் ஏற்றச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துச் செய்வது நல்லதுதான், ஆனால் ஒரே பதிவை இரண்டு ஃபைல் தொட்டால் முட்டிக்கொள்ளும். நாடு, லீக், நகரம் மூன்றையும் ஒரே ஆள் வைத்திருக்கட்டும். நம் கரையில் பலருக்கு இரண்டாம் பெயர் அப்பா பெயர்தான். ஊரில் கூப்பிடுகிற பெயரை காமன் நேம் கட்டத்தில் போட்டால் ஆட்டத்தில் அதுதான் தெரியும்.

வெளியிடுவதற்கு முன் மூன்று புது சேவ் தொடங்கி, ஒவ்வொன்றையும் ஹாலிடேயில் (கேம் தானே ஓடும்படி) விட்டு ஐந்து சீசன் ஓட்டுங்கள். நீங்கள் சேர்த்தவர்களில் எத்தனை பேர் ஐஎஸ்எல் வரை போனார்கள், எத்தனை பேர் ஊரிலேயே நின்றார்கள், நம் கிளப்புகள் எத்தனை டிவிஷன் தாண்டின என்று எழுதுங்கள். மூன்று ஓட்டத்திலும் ஒரே பையன் வெளிநாட்டுக்குப் போனால் அவன் பிஏ தப்பு. மூன்றிலும் ஒருவர்கூட ஐ-லீக் எட்டாவிட்டால் கையை ரொம்ப இறுக்கிவிட்டீர்கள்.

கடலுக்குப் போனவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கரைக்கு வருவார்கள். எல்லா டீமும் முழு ஆளோடு நிற்பது அந்த நாட்களில்தான். ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என்று இரண்டு பேரை அனுப்புங்கள். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். இரண்டுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்த ஆட்ரிப்யூட்டை 0 என்று விட்டுவிட்டு, அடுத்த லெவன்ஸில் மறுபடி பாருங்கள். புது ஃபைல் அதற்குப் பிறகு வரட்டும். அதுவரைக்கும் இப்போது இருக்கும் ஃபைலைப் பகிர்வதை நிறுத்தி வையுங்கள்.

அன்புடன்,
கரையோரப் பந்துகளியையும் இந்தக் கேமையும் ஒன்றாகக் கவனித்துவரும் சிலர்